பூக்கும் நாளை எண்ணி விதை

(வளர்கல்வி மையத்தில் விவசாயிகளுக்கு ஆற்றிய உரை)



இன்றைய பேச்சு சூரியகாந்தியைப் பற்றியது. சூரியகாந்தியை எப்போது விதைப்பது? அதற்கு என்ன எரு போடுவது? இந்த இரண்டு கேள்விகள்தான். பார்ப்பதற்கு இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தெரியும். ஆனால் ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறது. பேச்சு முடியும்போது அது உங்களுக்கே விளங்கும்.

கடைக்குப் போனால் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது. அந்த எண்ணெய் எங்கே விளைந்தது? பெரும்பகுதி நம் நாட்டில் விளைந்ததில்லை. உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. 2022-ல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் போர் மூண்டது. எங்கோ நடந்த போர். ஆனால் நம் வீட்டு அடுப்பில் வாணலி காய்ந்தது. எண்ணெய் விலை ஏறிவிட்டது.

நம் நாட்டில் சூரியகாந்தி விளையாதா? நன்றாக விளையும். 1969-ல் ரஷ்ய ரக விதைகள் இங்கே வந்தன. 1970களில் விவசாயிகள் பயிரிடத் தொடங்கினார்கள். 1980-ல் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பி.எஸ்.எச்.1 என்ற வீரிய ஒட்டு ரகத்தை வெளியிட்டது. 1986-ல் மத்திய அரசு எண்ணெய்வித்துக்களுக்கென்று ஓர் இயக்கம் தொடங்கியது. பரப்பு வேகமாகக் கூடியது. 1993-94-ல் நாடு முழுவதும் 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் சூரியகாந்தி இருந்தது. ஒரு ஹெக்டேர் என்றால் இரண்டரை ஏக்கர்.

பிறகு பரப்பு சுருங்கியது. 2020-21-ல் 3 லட்சம் ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. ஏன்? விலை ஒரு காரணம். வெளிநாட்டு எண்ணெய் ஒரு காரணம். நோய் ஒரு காரணம். கிளி, மைனாவின் தொல்லை ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பூ பெரிதாக இருக்கும். தட்டினால் உள்ளே பருப்பு இருக்காது. பொக்கு. இப்படி ஏமாந்த விவசாயி மறு வருடம் வேறு பயிருக்குப் போய்விட்டார்.

அந்தப் பொக்கு எங்கிருந்து வருகிறது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அண்ணன் தம்பி கதை

நம் நாட்டில் சூரியகாந்திக்குப் பெயர் பெற்ற மாநிலம் கர்நாடகம். அதிலும் வட பகுதி. ராய்ச்சூர், கொப்பள், பல்லாரி, விஜயபுரா மாவட்டங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் காடு. மழையை நம்பிய வெள்ளாமை. நாமும் அங்கே போவோம். ஒரு கதை சொல்லிப் பார்ப்போம். கற்பனைக் கதைதான். ஆனால் கரிசல் காட்டில் இது நடக்கக்கூடியது.

ஓர் ஊரில் அண்ணன் தம்பி இருவர். அப்பா வைத்துவிட்டுப் போனது நாலு ஏக்கர். ஆளுக்கு இரண்டு ஏக்கர். நடுவில் ஒரு வரப்பு. இரு பக்கமும் ஒரே மண். இருவரும் கடன் வாங்கி ஒரே கடையில் ஒரே விதை வாங்கினார்கள்.

ஜூன் மாதம் மழை பெய்தது. தம்பி நிலத்தை உழுதான். ஜூலை முதல் வாரம் விதைத்துவிட்டான். அண்ணனைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணா, ஈரம் இருக்கும்போதே விதைத்துவிடு. சூரியகாந்தி எந்த மாதத்திலும் வளரும் என்று கடைக்காரர் சொன்னார்."

அண்ணன் சிரித்தார். "வளரும் தம்பி. வளர்வது வேறு, விளைவது வேறு. என் காட்டில் சணப்பு தூவியிருக்கிறேன். ஆகஸ்டு கடைசியில்தான் சூரியகாந்தி."

"கடன் வட்டி ஓடுகிறது. நீ இரண்டு மாதம் சணப்பு வளர்க்கிறாய்!" தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

தம்பியின் பயிர் மளமளவென்று வளர்ந்தது. ஆள் உயரம். ஊரே நின்று பார்த்தது. செப்டம்பர் முதல் வாரம் பூ விரிந்தது. அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்தது. அந்தப் பகுதியில் செப்டம்பர்தான் மழை அதிகம் பெய்யும் மாதம். விட்டு விட்டுப் பத்து நாள் பெய்தது. இலைகளில் கரும்புள்ளி விழுந்தது. பூவின் தலை நனைந்து தொங்கியது. அறுவடையில் தலை பெரிதாக இருந்தது. தட்டிப் புடைத்தபோது பாதி காற்றில் பறந்தது. இரண்டு ஏக்கரில் 3 குவிண்டால்.

அண்ணன் ஆகஸ்டு 25-ல் விதைத்தார். அக்டோபர் கடைசியில் பூ விரிந்தது. மழை ஓய்ந்திருந்தது. வானம் தெளிவு. காலை வெயில். தேனீ மொய்த்தது. நவம்பரில் மணி பிடித்தது. இரண்டு ஏக்கரில் 8 குவிண்டால்.

ஒரே மண், ஒரே விதை, ஒரே கடன். ஒருவர் கடனைக் கட்டினார். மற்றவர் மாட்டை விற்றார்.

எந்தக் காலத்திலும் வளரும் என்பது பொய்யா?

கடைக்காரர் சொன்னது பொய் அல்ல. பாதி உண்மை.

சில பயிர்கள் பகல் நேரத்தின் நீளம் பார்த்துத்தான் பூக்கும். சூரியகாந்தி அப்படி இல்லை. பகல் நீண்டாலும் பூக்கும். குறைந்தாலும் பூக்கும். ஆகவே ஆண்டின் எந்த மாதத்திலும் விதைக்கலாம், செடி வரும், பூ வரும். இது உண்மை.

ஆனால் பூ வந்தால் போதுமா? பூவுக்குள் மணி பிடிக்க வேண்டும். மணிக்குள் எண்ணெய் ஏற வேண்டும். அதற்குப் பூக்கும் நாளிலும் மணி பிடிக்கும் நாளிலும் வானிலை ஒத்துழைக்க வேண்டும். இது மீதிப் பாதி உண்மை. தம்பி கேட்டது முதல் பாதியை மட்டும்.

ஒரு பூவுக்குள் ஆயிரம் பூ

சூரியகாந்திப் பூவை அருகில் போய்ப் பாருங்கள். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூந்தோட்டம். சுற்றிலும் இருக்கும் மஞ்சள் இதழ்கள் தேனீக்களை அழைக்கும் கொடி. அவற்றில் விதை பிடிக்காது. நடுவில் இருக்கும் தட்டில்தான் சின்னச் சின்னப் பூக்கள். நல்ல தலையில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு சிறு பூவும் ஒரு விதை ஆகக் கூடியது.

இவை ஒரே நாளில் விரிவதில்லை. ஓரத்தில் தொடங்கி, வளையம் வளையமாக நடுவை நோக்கி விரியும். ஒரு தலை முழுவதும் விரிய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அந்தப் பத்து நாள்தான் விவசாயிக்குத் தேர்வு நாள்.

சூரியகாந்தியின் மகரந்தத் தூள் கனமானது. ஒட்டும் தன்மை உள்ளது. நெல், சோளம் போலக் காற்றில் எளிதில் பறக்காது. தேனீதான் சுமந்து செல்ல வேண்டும். ஒரு செடியின் மகரந்தம் வேறு செடியின் பூவில் சேர்ந்தால்தான் மணி நன்றாகப் பிடிக்கும்.

இப்போது யோசியுங்கள். அந்தப் பத்து நாளும் மழை பெய்தால்?

மகரந்தம் கழுவிப் போகும். தேனீ கூட்டை விட்டு வராது. சிறு பூ காத்திருந்து வாடிவிடும். அந்த இடத்தில் உமி மட்டும் வளரும். அதுதான் பொக்கு.

மழைக்குப் பதில் கடும் வெயில் அடித்தால்? வெப்பம் 38 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் வீரியம் இழக்கும். அதுவும் பொக்குதான். மணி பிடிக்கும்போது வெயில் கொளுத்தினால் மணி சீக்கிரம் முற்றிவிடும். சிறுத்துப் போகும். எண்ணெய் ஏறாது.

ஆகவே வேளாண் அறிஞர்கள் ஒரே விதியாகச் சொல்கிறார்கள். பூக்கும் நாளும் மணி பிடிக்கும் நாளும் அடைமழையில் சிக்கக் கூடாது. 38 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலிலும் சிக்கக் கூடாது.

நோயும் காலத்தைப் பார்த்துத்தான் வருகிறது. தொடர்ந்து ஈரம் இருந்தால் இலைப்புள்ளி நோய் பரவும். தம்பியின் காட்டில் வந்தது அதுதான். 1997-ல் கர்நாடகத்தில் இன்னொரு நோய் வந்தது. இலையும் தண்டும் கருகும். பூத்தலை கோணலாகும். இது ஒரு வைரஸ் நோய். பார்த்தீனியக் களையில் இந்த வைரஸ் இருக்கும். இலைப்பேன் என்ற சிறு பூச்சி அதைப் பயிருக்குக் கொண்டு வரும். மழைப் பருவத்தில் விதைத்த பயிரில்தான் இது அதிகம். வரப்பில் பார்த்தீனியம் பூக்கும் முன்பே பிடுங்குங்கள். காட்டைச் சுற்றி மூன்று வரிசை சோளம் விதையுங்கள். சோளம் வேலி போல நின்று பூச்சியைத் தடுக்கும்.

விரல் விட்டு எண்ணுங்கள்

சரி, விதைக்கும் நாளை எப்படி முடிவு செய்வது?

பின்னாலிருந்து எண்ண வேண்டும். முதலில் உங்கள் ஊரில் மழையும் குறைந்து, வெயிலும் தணிந்து, வானம் தெளிவாக இருக்கும் மாதம் எது என்று பாருங்கள். பூ அந்த மாதத்தில் விரிய வேண்டும். வீரிய ஒட்டு ரகம் விதைத்து ஏறக்குறைய 60 நாளில் பூக்கும். அதற்குப் பிறகு 30, 35 நாளில் முற்றும். ஆக, பூக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு மாதம் பின்னால் போங்கள். அதுதான் விதைக்கும் நாள்.

அண்ணன் போட்ட கணக்கு இதுதான். அக்டோபர் கடைசியில் பூ வேண்டும். இரண்டு மாதம் பின்னால் போனால் ஆகஸ்டு கடைசி.

ரகத்துக்கு ரகம் நாள் மாறும். குட்டை ரகம் சீக்கிரம் பூக்கும். விதைப் பையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். படிக்கக் கற்றதன் பயன் அங்கேதான் இருக்கிறது. குளிரில் செடி மெதுவாக வளரும். அப்போது கூடுதலாகச் சில நாள் சேர்த்து எண்ண வேண்டும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். செம்மண் ஈரத்தை அதிக நாள் வைத்திருக்காது. ஆகவே மானாவாரிச் செம்மண்ணில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவுக்குள் விதைக்கச் சொல்கிறார்கள். கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மழை ஓய்ந்த பிறகும் செடிக்கு ஊட்டும். ஆகவே கரிசலில் ஆகஸ்டு பின்பாதி வரை காத்திருக்கலாம். சில இடங்களில் செப்டம்பர், அக்டோபரிலும் விதைக்கிறார்கள்.

பஞ்சாபில் கணக்கு வேறு. அங்கே உருளைக்கிழங்கு எடுத்த நிலத்தில் சூரியகாந்தி போடுகிறார்கள். ஜனவரிக் கடைசிக்குள் விதைத்தால் நல்லது. தாமதமாகி மார்ச்சில் விதைத்தால் பூ மே மாதக் கடும் வெயிலில் மாட்டிக்கொள்ளும். கரிசல் காட்டில் அவசரம் கெடுத்தது. பஞ்சாபில் தாமதம் கெடுக்கும். பார்த்தீர்களா? சீக்கிரம் விதைப்பது நல்லதா, தாமதமாக விதைப்பது நல்லதா என்ற கேள்வியே தவறு. பூ எப்போது விரியும் என்பதுதான் சரியான கேள்வி.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அதில் "தேடி" என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டம் தானாக வந்து நிற்காது. பயிருக்கு ஏற்ற பட்டத்தை நாம்தான் தேட வேண்டும்.

இன்னொரு செய்தி. ஊரில் ஒருவர் மட்டும் தனியாக விதைத்தால் அந்த வட்டாரத்துக் கிளியெல்லாம் அவர் காட்டுக்குத்தான் வரும். பத்துப் பேர் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பங்காகிக் குறையும். காவலையும் முறை வைத்துக்கொள்ளலாம். விதைக்கும் நாளை வீட்டுக்குள் முடிவு செய்யாதீர்கள். ஊர் கூடிப் பேசுங்கள்.

அண்ணன் ஏன் சணப்பு தூவினார்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். எரு.

அண்ணன் ஜூன் 20-ல் சணப்பு தூவினார். ஆகஸ்டு தொடக்கத்தில் அது பூக்கத் தொடங்கியது. அப்போது வயது 45 நாள். தண்டு இன்னும் இளசு. மடக்கி உழுதுவிட்டார். மூன்று வாரம் விட்டார். மழை ஈரத்தில் மக்கியது. ஆகஸ்டு 25-ல் விதைத்தார்.

கணக்குப் பாருங்கள். 45 நாளும் 3 வாரமும் சேர்ந்தால் 66 நாள். ஜூன் 20-லிருந்து ஆகஸ்டு 25 வரை சரியாக 66 நாள். தம்பி வீண் என்று நினைத்த இரண்டு மாதம் வீண் அல்ல. அந்த இரண்டு மாதம் அண்ணன் மண்ணுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்.

சணப்பு, கொளுஞ்சி, தக்கைப்பூண்டு போன்ற செடிகளின் வேரில் முடிச்சுகள் இருக்கும். அவை காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். மடக்கி உழுதால் அது மண்ணுக்குச் சேரும்.

"இரண்டு மாதம் கையில் காசு வராமல் எப்படி?" என்று ஓர் அம்மா கேட்கலாம். நியாயமான கேள்வி. சணப்புக்குப் பதில் பாசிப்பயறு விதைக்கலாம். குறுகிய நாள் பயறு 65 நாளில் வந்துவிடும். காயைப் பறித்துக்கொண்டு, கொடியை மடக்கி உழலாம். கொஞ்சம் பயறு வீட்டுக்கு, கொஞ்சம் எரு காட்டுக்கு. ஆனால் பயறு எடுப்பதால் எரு சணப்பு அளவுக்குச் சேராது. ஜூன் தொடக்கத்திலேயே மழை கிடைத்தால்தான் இதற்கு நாள் போதும்.

எரு என்ன செய்கிறது?

சூரியகாந்தி ஆழமாக வேர் விடும். பெரும் பசிக்காரப் பயிர். நிலத்திலிருந்து நிறைய எடுக்கும். "சூரியகாந்தி போட்டால் நிலம் சக்கையாகிவிடும்" என்று சிலர் சொல்வது அதனால்தான். எடுப்பதைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் சக்கையாகாது. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் சூரியகாந்தி போடவும் கூடாது. பயறு, சோளம் என்று மாற்றிப் போட வேண்டும்.

தொழு உரம் ஏக்கருக்கு சுமார் 3 டன் போடச் சொல்கிறார்கள். ஒரு மாட்டு வண்டியில் அரை டன் என்று வைத்தால் 6 வண்டி. விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் பரப்பி உழ வேண்டும்.

இதில் எவ்வளவு தழைச்சத்து இருக்கும்? நல்ல தொழு உரம் 100 கிலோவில் அரைக் கிலோ. அப்படியானால் 3 டன்னில் 15 கிலோ. மண்புழு உரம் இதைவிடச் செறிவானது. 100 கிலோவில் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். ஒரு டன் நல்ல மண்புழு உரம் மூன்று டன் தொழு உரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். வேப்பம் பிண்ணாக்கில் 100 கிலோவுக்கு ஏறக்குறைய 5 கிலோ. கடலைப் பிண்ணாக்கில் 7 கிலோ.

ஆனால் இந்தச் சத்து முழுவதும் முதல் வருடமே செடிக்குக் கிடைக்காது. மண்ணில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று, மெதுவாக வெளிவிடும். தொழு உரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் முதல் பயிருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மீதி அடுத்த பயிர்களுக்கு. யூரியா கையில் உள்ள காசு. எரு பானையில் போட்ட சேமிப்பு.

ஆகவே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு நாள் ரசாயன உரம் மட்டும் போட்ட நிலத்தில் திடீரென்று அதை அடியோடு நிறுத்தினால், முதல் வருடமே விளைச்சல் குறையக்கூடும். எருவோடு அளவான ரசாயன உரமும் சேர்த்துப் போட்டால் நல்ல விளைச்சல் கிடைக்கும். மண் வளம் ஏற ஏற ரசாயன உரத்தைக் குறைத்துக்கொண்டு வரலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பதை மண் பரிசோதனை சொல்லும். 2015 முதல் மண்வள அட்டை தருகிறார்கள். அதை வாங்கிப் பெட்டியில் பூட்டாதீர்கள். படியுங்கள்.

எருவின் பெரிய வேலை சத்து மட்டும் அல்ல. ஈரம். எருப் போட்ட மண் பஞ்சு போல மழை நீரை உறிஞ்சி வைக்கும். ஆகஸ்டு கடைசியில் விதைத்த பயிருக்கு நவம்பரில் மழை இருக்காது. மண்ணில் உள்ள ஈரத்தில்தான் மணி பிடிக்க வேண்டும். தாமதமாக விதைத்தவருக்கு எரு கைகொடுப்பது அங்கேதான். விதைக்கும் நாள் பூவைக் காப்பாற்றுகிறது. எரு மணியை நிரப்புகிறது. இரண்டு கேள்வியும் ஒன்றுக்குள் ஒன்று என்று முதலில் சொன்னது இதைத்தான்.

எந்த எரு நல்ல எரு?

வீட்டுக்குப் பின்னால் வெயிலிலும் மழையிலும் குவிந்து கிடக்கும் குப்பை நல்ல எரு ஆகாது. வெயில் பாதிச் சத்தை எடுத்துப் போகும். மழை மீதியைக் கழுவிப் போகும்.

நிழலில் 3 அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். சாணம், மாட்டுக் கோமியம் ஊறிய கூளம், சருகு, அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் அடுக்குங்கள். கோமியத்தை விட்டுவிடாதீர்கள். அதில் தழைச்சத்து அதிகம். குழி நிரம்பியதும் மேலே மண்ணும் சாணமும் குழைத்து மெழுகி மூடுங்கள். நாலைந்து மாதத்தில் எரு தயார். ஆகஸ்டில் விதைக்க மார்ச்சிலேயே குழியை மூட வேண்டும். இதற்கும் பின்னாலிருந்து எண்ணும் கணக்குதான்.

மக்கியதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். சூடு இருக்கக் கூடாது. சாண வாடை இருக்கக் கூடாது. மழை பெய்த மண் வாசம் வர வேண்டும். பிடித்தால் உதிர வேண்டும். மக்காத சாணத்தைப் போட்டால் கரையானும் வேர்ப்புழுவும் வரும். பச்சைக் கூளம் மக்குவதற்கு மண்ணில் உள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். இளம் செடி மஞ்சளாகிவிடும்.

மாடு இல்லாதவர்கள் ஆட்டுக் கிடை போடலாம். கரிசல் காட்டில் இது பழைய வழக்கம். ஊர் ஊராகப் போகும் மந்தையை இரவில் நிலத்தில் அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் விழும்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்களும் உண்டு. ஒரு ஏக்கர் விதைக்கு ஒவ்வொன்றிலும் 200 கிராம் பாக்கெட் ஒன்று. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். கடை விதையில் ஏற்கெனவே மருந்து பூசி நிறம் ஏற்றியிருந்தால் அதன் மேல் பூச வேண்டாம். எருவோடு கலந்து நிலத்தில் தூவுங்கள்.

எடையும் எண்ணெயும்

விளைச்சல் என்றால் மூட்டைக் கணக்கு மட்டும் அல்ல. தரமும் உண்டு. நல்ல ரகத்தில், நல்ல விளைச்சலில், 100 கிலோ விதைக்குச் சுமார் 40 கிலோ எண்ணெய் இருக்கும். பொக்கும் சுருங்கலும் கலந்தால் குறையும். வியாபாரி கையில் அள்ளிப் பார்த்தே விலையைக் குறைப்பார்.

யூரியாவை அளவுக்கு மேல் போட்டால் செடி கருகருவென்று வளரும். ஆனால் விதையில் புரதம் கூடி எண்ணெய் குறையும். அளவான தழைச்சத்துதான் எண்ணெய்க்கு நல்லது. எரு மெதுவாகத் தருவதால் செடி திடீரென்று கொழுப்பதில்லை. எண்ணெய் உருவாகக் கந்தகச் சத்தும் வேண்டும். எருவில் அது சிறிது உண்டு. போதாத நிலத்துக்கு ஜிப்சம் போடலாம். போரான் என்ற சத்து குறைந்தாலும் மணி பிடிக்காது. அதற்கு மஞ்சள் இதழ் விரியும்போது லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் போராக்ஸ் கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள்.

விதைக்கும் காலம் எண்ணெயின் குணத்தையே மாற்றும். குளிர்ச்சியான நாளில் முற்றும் விதையில் லினோலிக் என்ற கொழுப்பு கூடும். அது உடம்புக்குத் தேவை. உடம்பால் அதைத் தானே செய்துகொள்ள முடியாது. வெயிலில் முற்றும் விதையில் ஒலீயிக் என்ற கொழுப்பு கூடும். ஒரே ரகம், ஒரே காடு. விதைத்த மாதம் மாறினால் எண்ணெயும் மாறுகிறது.

பெண்கள் கையில் இருக்கும் வேலை

சூரியகாந்திக் காட்டில் பல வேலைகள் பெண்கள் கையில்தான் இருக்கின்றன. அவற்றில் இரண்டு மிக முக்கியம்.

ஒன்று, கலைப்பது. முளைத்த 10, 15 நாளில் குழிக்கு ஒரு நல்ல செடியை மட்டும் விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். மனசு வராது. ஆனால் இரண்டு நின்றால் இரண்டும் மெலியும். கரிசலில் வீரிய ரகத்துக்கு வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி ஒரு அடி.

இரண்டு, பூவைத் தேய்ப்பது. தேனீ குறைவாக இருந்தால் கையால் உதவலாம். காலை 9 மணி முதல் 11 மணிக்குள், மெல்லிய துணியால் பூத்தலையை மெதுவாகத் தடவிக்கொண்டே அடுத்த செடிக்குப் போக வேண்டும். அல்லது பக்கத்துப் பூக்கள் இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து லேசாகத் தேய்க்கலாம். பூத்திருக்கும் நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் மணி கூடும்.

பூத்திருக்கும்போது பூச்சி மருந்து தெளிக்காதீர்கள். தேனீ செத்தால் மணி இல்லை. முடிந்தவர்கள் தேனீப் பெட்டி வையுங்கள். ஏக்கருக்கு இரண்டு பெட்டி போதும். தேனும் கிடைக்கும்.

தலையின் பின்பக்கம் எலுமிச்சை மஞ்சளாக மாறினால் அறுக்கலாம். நன்றாகக் காய வைத்துத் தட்டுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய் காறும். அவ்வளவு நாள் பட்ட பாடு மூட்டைக்குள் கெட்டுப் போகும்.

"அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்று ஒரு பழமொழி உண்டு. சூரியகாந்திக்கும் பொருந்தும். வேரும் தட்டையும் மக்கி மண்ணுக்கு. பிண்ணாக்கு மாட்டுக்கு. எண்ணெய் வீட்டுக்கு. மாட்டிடமிருந்து சாணம் மறுபடி காட்டுக்கு.

மறு வருடம்

கதையை முடிக்க வேண்டும். மறு வருடம் மார்ச் மாதம். தம்பி அண்ணன் வீட்டுக்கு வந்தான். அண்ணி மோர் கொடுத்தார்.

"அண்ணா, நீ எரு போட்டதால்தான் விளைந்ததா?"

"எருவால் மட்டும் இல்லை தம்பி. என்ன எரு போட்டிருந்தாலும் செப்டம்பர் மழையில் பூத்திருந்தால் எனக்கும் பொக்குதான். முதலில் நாள். பிறகு எரு."

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "மாடு இல்லையே அண்ணா. எருவுக்கு எங்கே போவேன்?"

அண்ணி உள்ளிருந்தே சொன்னார். "எங்கள் தொழுவத்துச் சாணம் இரண்டு குடும்பத்துக்கும் போதும். வரப்புக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டுங்கள். பொதுக் குழி. சணப்பு விதையும் மீதி இருக்கிறது."

அன்று சாயங்காலமே இருவரும் மண்வெட்டியோடு வரப்புக்குப் போனார்கள்.

உங்கள் வீட்டில் நாள்காட்டி இருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் அதை எடுங்கள். போன வருடம் உங்கள் ஊரில் மழை எப்போது ஓய்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். பூக்க வேண்டிய நாளில் ஒரு வட்டம் போடுங்கள். இரண்டு மாதம் பின்னால் போய் விதைக்கும் நாளில் ஒரு வட்டம். அதற்கும் மூன்று வாரம் முன்னால் எரு பரப்பும் நாளில் ஒரு வட்டம். இந்த மூன்று வட்டத்தையும் உங்கள் கையாலேயே போடுங்கள்.



கூடிப் பேசுங்கள்

1. தம்பியின் பயிர் நன்றாக வளர்ந்தும் ஏன் விளையவில்லை?
2. உங்கள் ஊரில் அடைமழை எந்த மாதம்? கடும் வெயில் எந்த மாதம்? சூரியகாந்தி எப்போது பூத்தால் நல்லது?
3. உங்கள் வீட்டுக் குப்பைக் குழி நிழலில் இருக்கிறதா, வெயிலில் இருக்கிறதா?
4. உங்கள் ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் விதைக்க என்ன செய்யலாம்?